எதிர் சீட்டிலிருந்து வந்த மெயில்

கோரமண்டல் ஸ்டேஷனில் தினமும் என்னோடு பெங்களூர் ரயிலேறும் அந்த அம்மாவுக்குத் தலை நிறைய கனகாம்பரம், மடியில் லேப்டாப். சொந்தமாக மெயில் சர்வர் அமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கைவந்தால் நல்ல வேலைக்கு மாறலாம். சோதனை மெயில்களை எனக்குத்தான் அனுப்புவார். எல்லாம் ஸ்பேமில் போய் விழும்.

"இன்னாங்க, வந்துச்சா?"

"வந்துச்சு, குப்பையில."

சலிக்காமல் மறுபடி எதையோ திருத்துவார்.

ஒரு காலை, பங்காரப்பேட்டை தாண்டியதும் என் இன்பாக்ஸிலேயே வந்து நின்றது: "நல்லா கீறீங்களா?"

"வந்துடுச்சுங்க!" என்று கத்தினேன். அவர் எழுந்து குதித்தார். எதற்கென்றே தெரியாமல் பெட்டியே கைதட்டியது. குஷியில் நான் பதில் அனுப்பினேன். முகவரி இல்லையென்று அது திரும்பி வந்துவிட்டது.

"அய்யோ, அனுப்பத்தானே கத்துக்கினேன்! வாங்கறதுக்கு இன்னும் கத்துக்கலியே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தோல்வியை அத்தனை ஆனந்தமாகக் கொண்டாடியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.