சிவப்புச் சேலைப் படம்

பட்டணத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், தேயிலைத் தோட்டத்துச் சனம் போனில் டேட்டா எடுத்ததற்குப் பாட்டும் கிரிக்கெட்டும்தான் காரணம் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் முதலில் எடுத்தவன் நான். எதற்கு எடுத்தாய் என்று எவனும் என்னைக் கேட்டதில்லை.

அப்போது என் மனைவி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். இங்கே மடுல்சீமையில் மகள் பெரிய பிள்ளையானாள். செய்தியைச் சொன்னதும் போனில் அழுகைதான் கேட்டது. பிறகு, "புள்ளைய சேலையில ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க" என்றாள். தாய்மாமன் சீர்ச் சேலை சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று தன் தம்பியிடமும் சொல்லிவைத்தாள்.

பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கேமரா போனை நீட்டி, பாட்டு இறக்கலாம், ஸ்கோர் பார்க்கலாம் என்று அடுக்கினார்.

"குவைத்துக்குப் படம் போகுமா?" என்றேன்.

"உலகத்துல எங்கயும் போகும் அண்ணன்."

அங்கே அவள் கையில் இருப்பது என்ன போன் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. போன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, அதை வாங்கி டேட்டாவும் போட்டுக்கொண்டு வந்தேன்.

சடங்கன்று மைத்துனர் பச்சைச் சேலையோடு வந்து நின்றார். பண்டாரவளைக் கடைகளில் நல்ல சிவப்பு அகப்படவில்லையாம். அக்காவிடம் திட்டு வாங்கப் பயந்து, அவளுக்குச் சொல்லவும் இல்லை. படத்தில் பார்க்கத்தானே போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். பச்சையிலும் மகள் அழகாகத்தான் இருந்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே ஏறினால்தான் எங்கள் பக்கம் சிக்னல். மகளை அங்கே கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். போய்விட்டது என்று திரை காட்டியது. கொஞ்ச நேரத்தில் மனைவியே கூப்பிட்டாள். மகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. பாத்துட்டேன். அந்தச் செவப்புச் சேலையில புள்ள அம்மன் மாதிரி இருக்கா."

குவைத் எஜமானியம்மா வேண்டாமென்று கொடுத்த, படம் வராத, திரையில் நம்பர் மட்டும் தெரியும் அந்தப் பழைய போனை, அவள் ஊர் திரும்பியபோதுதான் கண்ணால் கண்டேன். ஆனால் படம் போய்ச் சேரவில்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் பட்ட பாடு வீண் என்று நினைத்துவிடக் கூடாதே என்று பொய் சொல்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒரு பிழைப்பு பிழைக்கிறோமே என்றுதான் ஆத்திரம் வந்தது.

மகள் குனிந்து தன் பச்சை முந்தானையைப் பார்த்தாள். பிறகு போனருகே வந்து, "ஆமாம்மா, நீங்க சொன்ன செவப்புதான்" என்றாள்.

கீழே இறங்கினோம். லயத்து வாசலில் அக்கம்பக்கத்தார் காத்து நின்றார்கள். அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒருத்தி வெளிநாட்டில் இருந்தாள்.

"அம்மா பாத்துச்சா?" என்று கேட்டார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "பாத்தாங்க."

அடுத்த சம்பளம் கைக்கு வந்ததும் ஒவ்வொருவராகப் பதுளைக்குப் போய் அதே போனை வாங்கி, அதே சேவையை எடுத்து வந்தார்கள். மடுவத்துக்கு மேலே நின்று பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். படம் வரவில்லை என்று ஒரு வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.