அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்

அன்று மடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் இருந்தவர்கள்: எங்கள் ஊர்த் தலைவரான பெரியப்பா. அவருக்குப் பின்னால் அவர் தம்பி, என் அய்யா. எதிரே பக்கத்து ஊர்த் தலைவர். அவருடைய மச்சினர். வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு அய்யாவின் மகள் நான். எட்டு வயது.

பெரியாற்றுத் தண்ணீர், ஒரே வாய்க்கால், இரண்டு ஊர். வாரத்தில் நான்கு நாள் எங்களுக்கு, மூன்று நாள் அவர்களுக்கு. அந்த நான்கு நாளில்தான் எங்கள் நெல் நின்றது. அவர்கள் சின்னமனூர்ச் சந்தைக்காக வெற்றிலைக் கொடிக்கால் போட ஆரம்பித்ததிலிருந்து இன்னும் நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வெளியூர்ப் பேச்செல்லாம் அய்யா வேலை. போவார், வெற்றிலை போடுவார், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கடைசியில், “அண்ணன்ட்ட கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்துவிடுவார். வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார். அண்ணனிடம் கேட்டதே இல்லை. இப்படியே மூன்று வருசம் ஓடியது.

பெரியப்பா, வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தாலும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கமாட்டேன் என்பவர். கலெக்டர் வந்ததில்லை. அவரிடம் யாரோ, “ஒங்க தம்பி இல்லாட்டி ஊர்க்காரியம் நடக்காது போல” என்று சொல்லிவிட்டார்கள்.

“இந்தத் தடவ நானே பேசுறேன். நீ வாயத் தெறக்கப்படாது” என்றார் பெரியப்பா. அய்யா திறக்கவில்லை.

பக்கத்து ஊர்த் தலைவர் கும்பிட்டார். “தம்பி வந்தாக்க அண்ணன்ட்ட கேக்கணும்பாக. இப்ப அண்ணனே வந்துட்டீக. இனி யார்ட்ட கேக்கணும்?”

“நான் எவன்ட்டயும் கேக்க வேண்டியதில்ல.”

“அப்பக் கொடிக்காலுக்கு ஒரு நாள் தண்ணி குடுங்க.”

அய்யா இருமினார்.

“குடுத்தேன்” என்றார் பெரியப்பா.

“அடேயப்பா! இம்புட்டு மனசு இந்தச் சீமையில யாருக்கு இருக்கு?” என்றார் மச்சினர். “புதுசாத் தென்னம்பிள்ளையும் வச்சிருக்கோம்.”

பெரியப்பா மீசையைத் தடவினார். தென்னைக்கும் ஒரு நாள். அய்யாவின் இருமல் பலத்தது.

“ஏலே, என்ன இருமல்? அங்கன போயித் தண்ணியக் குடி.”

“இருக்கும்போதே குடிச்சுக்கிறேண்ணே” என்று அய்யா வாய்க்காலில் இறங்கினார். அவர் கரையேறுவதற்குள் மாடு குளிப்பாட்ட இன்னொரு நாள் போயிருந்தது.

வண்டியில் திரும்பும்போது பெரியப்பா சொன்னார்: “பாத்தியாடா? நீ மூணு வருசமா இழுத்தத நான் ஒரு வெத்தல மெல்லுறதுக்குள்ள முடிச்சுட்டேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் அண்ணனைக் கேட்கிற மனிதருக்குப் போய் மகளாகப் பிறந்தோமே என்றுகூட இருந்தது. அய்யா வழி நெடுக எங்கள் நாற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாரத்தில் எங்களுக்கு மிஞ்சிய நாள் ஒன்று.