சாணி தெளித்த வாசலில் பச்சைத் தண்ணீர்

மூத்த பேத்தி சென்னையில் நர்ஸ். பேரன் அரியலூரில் கணக்கு வாத்தியார். இளைய பேத்தி கயல் பெரம்பலூரில் கார் மெக்கானிக்.

இன்றைக்குப் பேரனுக்குப் பார்த்த பெண்ணுக்குப் பூ வைக்க உடையார்பாளையம் போக வேண்டியிருந்தது. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டியிருந்தது. காரோ ஒரு வாரமாக வழியில் சூடாகி நின்றுபோய்க்கொண்டிருந்தது.

"எங்கயும் ஒழுகல, இன்ஜின் சூடாகாம இருக்க தினமும் கூலண்ட் ஊத்துறேன், எங்கதான் போவுதோ" என்றான் என் மகன்.

கயல் வாசலைக் குனிந்து பார்த்தாள். "அப்பத்தா, கூலண்டும் பச்சை, நீங்க தெளிக்கிற சாணித் தண்ணியும் பச்சை. ஒழுகுனா எப்படித் தெரியும்?"

காருக்கு அடியில் அட்டையை விரித்து இன்ஜினை ஓடவிட்டாள். சற்று நேரத்தில் அட்டையில் பச்சையாகச் சொட்டியது. அதற்கு நேர் மேலே, ரேடியேட்டர் ரப்பர் குழாயின் நுனியில் கீறல்.

மகன் சூடாக இருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனான்.

"ஆறட்டும்ப்பா" என்றாள் கயல்.

"ராகு காலம் வந்துடும்மா."

"வெந்த கையோடவா பூ வைப்பீங்க?"

ஆறியதும் கீறிய நுனியை வெட்டிவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கினாள். கூலண்ட் ஊற்றி ஓடவிட்டதில் புது அட்டை காய்ந்தே இருந்தது. ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினோம். வழியில் எங்கும் நிற்கவில்லை.

சாணி தெளிப்பதை நான் விடப்போவதில்லை. காரைத் தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூ வைத்த படம் எல்லோரும் போட்டுவிட்டீர்கள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, கையெல்லாம் கரியோடு கயல் நின்ற படத்தை யார் எடுத்தீர்கள்? அதைப் போடுங்கள்.