நிலத்தில் நிற்கும் குதிரை தேடி நெடுந்தீவுக்கு

1983 வைகாசி, ஒரு சனிக்கிழமை. காலை 5.50. யாழ்ப்பாணம் பஸ் நிலையம்.

குறிகட்டுவான் போகும் முதல் பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கை கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். மூவரும் ஒரே இருக்கையில் இருந்திருந்தால் பண்ணைப் பாலம் தாண்டுமுன் சண்டை பிடித்து ஒருவராவது இறங்கியிருப்பார்.

எங்கள் வாசிகசாலை மாத ஏட்டைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏட்டின் கடைசி மூன்று பக்கத்தில் வருகிற சித்திரக்கதைக்கு வசனம் எழுதுபவன் நான். வயது நாற்பத்தாறு, இடுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு. படம் கீறுபவன் சின்னராசா. கோயில் வாகனங்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் வர்ணம் பூசுகிறவன். ஏட்டைப் பிரதியெடுக்கும் ரோனியோ இயந்திரத்தின் திறப்பைக் கயிற்றில் கோத்து இடுப்பில் வைத்திருப்பவர் ஏட்டின் ஆசிரியர் அம்பலவாணர் மாஸ்ரர், ஓய்வுபெற்ற கணித வாத்தியார். குடை இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை.

கதையிலும் மூன்று பேர்தான். உயரத்துக்குப் பயந்து குதிரையில் ஏறாமல் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கும் அரசன் உயரப்பயந்தான். மந்திரத்தின் கடைசிச் சொல்லை எப்போதும் மறந்துவிடும் மறதிமுனி. சிவப்பாக எதைக் கண்டாலும் மயங்கி விழும் மல்லன் மயங்கப்பன். மற்ற அரசர்கள் மாணிக்கம் தேடிப் போவார்கள், இளவரசி தேடிப் போவார்கள். இவர்கள் ஏழு கடல் தாண்டி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு தேடிப் போகிறார்கள். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காத ஊரில் இதைவிடப் பெரிய இலட்சியம் என்ன இருக்கிறது?

பிரச்சினை குதிரையில் வந்தது. சின்னராசா குதிரை பழகியது கோயிலில். வாகனக் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி, கழுத்தை வளைத்து, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரே நிலைதான். அரசன் நடந்தால் குதிரை பாய்ந்தது. அரசன் படுத்தால் குதிரை பாய்ந்தது. ஏழாம் இதழில் குதிரை தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். குதிரை குனியவில்லை, சின்னராசா ஆற்றைத்தான் மேலே தூக்கிக் கீறியிருந்தான்.

ஊர் சிரித்தது. மாஸ்ரர் சிரிக்கவில்லை.

"ஐசே, இது வாசிகசாலை ஏடு. இதில பிழை போகக் கூடாது. அடுத்த இதழில குதிரை நாலு காலிலயும் நிக்கவேணும். இல்லையெண்டால் அந்த மூண்டு பக்கத்தையும் சிக்கன அடுப்புக் கட்டுரைக்குக் குடுத்துடுவன்."

அன்று பின்னேரம் சின்னராசா என் வீட்டுப் படலையில் வந்து நின்றான். "அண்ணை, கடைப் பலகையில கடைக்காரன்ர பேர். வாகனத்தில உபயகாரன்ர பேர். உந்த மூண்டு பக்கத்தின்ர மூலையிலதான் என்ர பேர் இருக்கு." அவ்வளவுதான் சொன்னான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மிகச் சிறிதாக, கோலம் போடுகிற கவனத்தோடு அவன் தன் பெயரைப் போடுவது எனக்குத் தெரியும்.

பந்தயக் குதிரை பார்க்க நுவரெலியா தூரம். பக்கத்தில், சொந்தக்காரர் இல்லாமல் குதிரைகள் மேயும் இடம் நெடுந்தீவு. சாட்சியாக மாஸ்ரரும் வெளிக்கிட்டார். "கண்ணால பாத்தால்தான் ஒப்பம் வைப்பன்" என்றார்.

காலை 7.30. குறிகட்டுவான்.

மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் தொட்டுக்கொண்டு வரும் புங்குடுதீவுப் பாதை. இருபது மைல், மூன்று ரூபா அறுபது சதம். கொழும்புக்கு முப்பது தரம் போய் வந்தவன், இந்த இருபது மைல் இப்போதுதான் வருகிறேன். வெட்கத்தை மறைக்க யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். கடல் காற்று என் தலையில் மிச்சமிருந்த மயிரைக் கலைத்து விளையாடியது.

துறையில் இரண்டு படகு நின்றன. பூவும் தேங்காயும் பட்டுச் சேலையுமாக ஒரு கூட்டம் அம்மன் கோயிலுக்கு நயினாதீவுப் படகில் ஏறியது. மாஸ்ரரின் குடையையும் வேட்டியையும் பார்த்து அவரையும் அதில் ஏற்றப் பார்த்தார்கள். சாக்குமூட்டைகளும் கோழிக்கூடுகளும் ஏறிய படகு எங்களுடையது.

வெங்காயச் சாக்கில் குந்தியிருந்த ஒருவர் என்னிடம் கேட்டார். "நெடுந்தீவில என்ன அலுவலோ?"

"குதிரை பாக்க."

"வாங்கவோ?"

"இல்லை, கீற."

அவர் எழும்பிப் படகின் மறுமுனைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் முழுப் படகும் திரும்பிப் பார்த்தது. கோழிகள்கூடப் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

இயந்திரம் தடதடத்தது, அலை எழும்பி முகத்தில் அடித்தது. சின்னராசா சட்டைக்குள் தாள்கட்டைப் பத்திரப்படுத்தினான். மாஸ்ரர் குடையை விரித்தார். காற்று அதை மறுபக்கம் விரித்தது. நான் சிரித்தேன். அடுத்த அலை நேரே என் வாய்க்குள் வந்தது.

காலை 9.00. நெடுந்தீவு, மாவிலித்துறை.

கரையில் நின்ற உழவு இயந்திரக்காரர் எங்களைக் கண்டதும், "குதிரை கீற வந்த ஆக்கள் நீங்கள்தானே? ஏறுங்கோ" என்றார். செய்தி எங்களுக்கு முன்னமே கரை சேர்ந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு ரூபா பேசிப் பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் ஏறினோம். வழி முழுக்க மதில்கள். சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கடலில் எடுத்த பவளக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் கைபட்டால் விழுந்துவிடும் போலிருந்தது. பல தலைமுறையாக விழவில்லையாம். மாஸ்ரர் ஒரு மதிலின் சாய்வுக் கோணத்தைக் கணிக்கத் தொடங்கினார். உழவு இயந்திரம் குலுங்கிய குலுக்கலில் கோணம் மாறிக்கொண்டே வந்தது.

நாலு மைல் தெற்கே புல்வெளி தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டார். "ரண்டு மணிக்குத் திரும்பி வருவன். ரண்டரைக்குக் கடைசிப் படகு. நான் நிக்கமாட்டன்."

காலை 9.45. வெளி.

காய்ந்த புல், நடுநடுவே தாழம் பற்றை, அதற்கப்பால் கடல். சின்னராசாதான் முதலில் கண்டான். "அண்ணை! அந்தா! அந்தா!" அவன் குரல் கீச்சிட்டது.

எட்டுக் குதிரைகள். மண்ணிறம், கருமை, ஒன்றுக்கு மட்டும் நெற்றியில் வெள்ளை. சேணமில்லை, மணியில்லை, பட்டுத் துணியில்லை. காற்றில் வால் பறக்க அவை பாட்டுக்கு நின்றன. நான் ஓடத் தொடங்கிவிட்டேன். நான் ஓடுவதைக் கண்டு குதிரைகள் ஓடவில்லை, நடந்தன. என் வேகம் அவ்வளவு.

பத்து அடி போனால் அவை பத்து அடி போயின. நின்றால் நின்றன. அப்போது மாஸ்ரருக்குள் இருந்த வாத்தியார் எழும்பினார். "மூண்டு பேரும் ஒரு சமபக்க முக்கோணத்தின்ர மூண்டு உச்சியில நிண்டு உள்ளுக்கு நடப்பம்" என்றார். நடந்தோம். முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் திறந்தே கிடக்கிறது என்பதைக் குதிரைகள் உடனே கண்டுபிடித்து, ஒரு பக்கத்தால் அமைதியாக வெளியே போயின.

இரண்டு மணி நேரம் கழித்து சின்னராசாவின் தாள்களைப் பார்த்தேன். பதினொரு படம். பதினொன்றும் பின்பக்கம்.

"அரசனுக்கு முன்னால குதிரை திரும்பி நிக்கிற மாதிரிக் கதையை மாத்தேலாதோ அண்ணை?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் கூராக இருந்த பென்சிலை மறுபடியும் சீவத் தொடங்கியிருந்தான்.

பகல் 12.15. கிணறு.

தாகம் தாங்க முடியாமல் வெளியின் ஓரத்தில் தெரிந்த கிணற்றுக்குப் போனோம். கிணற்றடியில் நீளமான கல்தொட்டி ஒன்று, காய்ந்து கிடந்தது. மாஸ்ரர் ஒரு வாளி அள்ளி, அண்ணாந்து வாயில் ஊற்றப் போனார்.

"ஐயா! வையுங்கோ வாளியை!"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் ஓலைக்கட்டு. பெயர் நாகம்மா என்று பிறகு தெரிந்தது. "இந்தக் கிணத்தில குடிக்கிறதெண்டால் முதல் வாளி தொட்டிக்கு. அதுகளுக்குக் கை இல்லை, அள்ளிக் குடிக்க ஏலாது. உங்களுக்கு இருக்குத்தானே?"

மாஸ்ரரை அதட்டும் ஒருவரை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். அவர் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"எங்க இருந்து வாறியள்?"

"யாழ்ப்பாணத்தில இருந்து அக்கா. குதிரை கீற" என்று சின்னராசா பழைய ஏடு ஒன்றைக் காட்டினான்.

நாகம்மா அக்கா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு என்ன, முள்ளுக் குத்திப்போட்டுதோ?"

நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாஸ்ரரின் மீசையும் ஆடியது.

"நீங்கள் காலமையில இருந்து அதுகளைக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சதை நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஆடு பிடிக்கிற மாதிரிப் போனால் வருமோ? அள்ளி ஊத்துங்கோ. கோடைக்கு நாங்கள் இப்பிடித்தான் விடுறது. தண்ணிச் சத்தம் கேட்டால் வரும். நிப்பாட்டினால் போயிடும்."

நான் வாளியை எடுத்தேன். கயிறு கையை அறுத்தது. ஒன்பதாவது வாளியோடு என் வீரம் முடிந்து நிலத்தில் இருந்தேன். சின்னராசா கயிற்றைப் பிடிக்க வந்தான். மாஸ்ரர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"நீர் பென்சிலைப் பிடியும் ஐசே. இது என்ர வேலை."

குடையை மதிலில் சாய்த்தார், சால்வையை இடுப்பில் இறுக்கினார், அள்ளத் தொடங்கினார். அள்ளுவதும் கவிழ்ப்பதும், வாய்க்குள் எண்ணுவதும். மூன்று பக்கத்தையும் பறிக்கப் போகிறேன் என்று சொன்ன அதே மனிதர்.

பகல் 1.05.

முதலில் நெற்றியில் வெள்ளை உள்ளது வந்தது. முப்பது அடி தள்ளி நின்று காதை முன்னுக்கு விட்டது. பிறகு வந்து, தலையைக் குனிந்து, குடித்தது.

நாலு காலும் நிலத்தில்!

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். சின்னராசாவின் கை தாளில் ஓடும் சத்தமும், தண்ணீர் விழும் சத்தமும், குதிரை உறிஞ்சும் சத்தமும் மட்டும். கழுத்து முழுவதும் நீண்டு இறங்கியது. ஒவ்வொரு மிடறும் தொண்டையில் உருண்டு மேலே போவது தெரிந்தது. பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. சின்னராசா தாளைப் பார்க்கவே இல்லை. அவன் கண் குதிரையில், கை தன்பாட்டில்.

"உயரம்" என்று மாஸ்ரர் மூச்சு வாங்கிக்கொண்டு கிசுகிசுத்தார். "குடையை வச்சு அளந்து பாரும்."

மூடிய குடையோடு அங்குலம் அங்குலமாகப் போனேன். ஊன்றினேன். குதிரையின் முதுகு குடைக்கு மேல் ஒரு முழமும் இல்லை. என் நெஞ்சுக்குத்தான் வந்தது. அவ்வளவுதான் குதிரை! உயரப்பயந்தான் இதில் ஏறி இருந்தால் கால் கிட்டத்தட்ட நிலத்தில் தட்டும். அரசன் ஏறப் பயப்படுகிறான் என்பதை வைத்தே ஏழு மாதம் கதை ஓட்டினேன். ஒரு குடையோடு அது முடிந்தது. இனி அவன் ஏறித்தான் ஆக வேண்டும். பயத்துக்கு நான் வேறு காரணம் தேட வேண்டும்.

குடித்து முடித்த வெள்ளை நெற்றிக்காரி ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் ஊன்றிக்கொண்டு கண்ணயர்ந்தாள். சின்னராசா அதையும் கீறினான். மாஸ்ரர் முப்பத்தோராவது வாளியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "மூண்டு காலும் ஒரு நுனியும்" என்றார். "சரி. கண்ணால பாத்தனான்."

அதற்குப் பிறகுதான் நாங்கள் தண்ணீர் குடித்தோம். நல்ல தண்ணீர். ஏழு கடல் தேவைப்படவில்லை, ஒரு கடல் போதுமாக இருந்தது.

"என்னையும் கீறுவியளோ?" என்று நாகம்மா அக்கா கேட்டார். "கீறினால் ஓலைக்கட்டோட வேண்டாம். நல்ல சீலையோட கீறுங்கோ."

பிற்பகல் 2.30. படகு.

உழவு இயந்திரக்காரர் சொன்னபடி நிற்கவில்லை. நாங்கள்தான் பின்னால் ஓடி ஏறினோம். நெடுந்தீவு பின்னால் தாழ்ந்து, ஒரே இழுப்பில் இழுத்த பென்சில் கோடு போல ஆனது. எங்கள் ஊரில் எல்லாக் கிணற்றுக்கும் கட்டு உண்டு, கப்பி உண்டு, சிலதுக்குப் பூட்டும் உண்டு. வாயில்லாச் சீவனுக்கென்று தொட்டி கட்டின கிணறு ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

மாஸ்ரர் தாள்களை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிறு அறுத்த உள்ளங்கையில் நாகம்மா அக்கா பூசிவிட்ட நல்லெண்ணெய் மினுங்கியது. குனிந்து குடிக்கும் குதிரையின் படத்தில் அவர் விரல் நின்றது. சின்னராசா எட்டிப் பார்த்தான்.

"இதில ஒரு பிழை இருக்கு" என்றார் மாஸ்ரர்.

"எது மாஸ்ரர்? காதோ?"

"காது சரி. கால் சரி. இஞ்ச பாரும்." தாளின் வலது மூலையைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. அத்தனை அவசரத்தில், சின்னராசா மறந்துவிட்டான்.

மாஸ்ரர் தன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். தேறிய மாணவரின் அறிக்கைகளில் மட்டும் ஒப்பம் வைக்கிற பேனை என்று ஊரில் சொல்வார்கள்.

"பேரைப் போடும். கடைசி மூண்டு பக்கம் காத்துக்கொண்டு நிக்குது."

படகு ஆடியது. நான் தாளின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், மாஸ்ரர் மறுபக்கத்தைப் பிடித்தார். சின்னராசா பெயரைப் போட்டான். இந்த முறை பெரிதாக.