பல்பொடிக்குப் பின்னால் போன கச்சேரிகள்

சிறு பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதியவர்களின் எழுத்தைத் தேடிச் சேர்க்கும் காப்பகத்திலிருந்து போன வாரம் ஒரு பெண் வந்திருந்தார். சித்தப்பா எழுதியதில் ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டார். மூச்சுத்திணறலில் ஆஸ்பத்திரியில் கிடந்த என் மகள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். உள்ளே அவள் இருமும்போதெல்லாம் பாதிப் பேச்சில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

என் சின்ன வயதில் நாங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைனில் ஒரு மூங்கில் தட்டி வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. பகல் ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். பேத்தமங்களா கோயில் நாதஸ்வரமோ, எங்கள் லைனில் புத்த பூர்ணிமைக்குப் பாடும் கோஷ்டியோ, எதையும் விடமாட்டார். அவர் எழுதியது பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வரும். அவர்கள் அனுப்பும் ஒரே பிரதியில் தன் பக்கத்தை மட்டும் வெட்டி, வெடிமருந்து வந்த பழைய மரப்பெட்டியில் அடுக்கி வைப்பார். அதை நாங்கள் தொடக்கூடாது.

ஒரு வித்வானுக்குச் சுருதி சேரவில்லை என்று சித்தப்பா எழுதப்போய், அந்த வித்வான் எழுதியவரைத் தேடி லைனுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சேறாக ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பாவிடமே வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். "அவரு ஊர்ல இல்லீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் சித்தப்பா.

தங்கை கைக்குழந்தையாக இருந்த வருஷம் காற்று பலமாக அடித்தது. பொன் எடுத்தபின் கொட்டிய மண் மலைபோலக் குவிந்து கிடக்கும். சைனைடு மேடு என்போம். காற்றில் அதன் தூள் தட்டி இடுக்குகளில் புகுந்து சோற்றுப் பானைவரை வந்துவிடும். அதற்காகவே எல்லா வீட்டிலும் தட்டிமேல் பழைய பேப்பர் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருந்தது மழையில் ஊறி உரிந்துவிட்டது. தங்கை இருமி இருமி முகம் நீலம் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, தூள் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் பேப்பர் கேட்டுப் பார்த்தாள். அந்தக் காற்றில் யார் கொடுப்பார்கள்?

வேலை முடிந்து வந்த சித்தப்பா தங்கையைப் பார்த்தார். "அண்ணி, பசை காய்ச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"இன்னா தம்பி இது? நீங்க எழுதினதாச்சே!" என்றாள் அம்மா.

"படிச்சா இருமல் நிக்குமா அண்ணி? ஒட்டினா நிக்கும்."

"வேணாம் தம்பி. உங்க அண்ணன் வந்தா என்னைத்தான் திட்டுவாரு."

"அவரு வர்றதுக்குள்ள காஞ்சிடும். கிண்டுங்க, அடி புடிக்குது."

நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, எழுத்துப் பக்கத்தில் பசை தடவி, விளம்பரப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினார். சுவரெல்லாம் பல்பொடிக்காரனும் தைலக்காரியும் சிரித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அந்தச் சுருதி சேராத வித்வான் எங்க சித்தப்பா?"

"அதோ, பல்பொடிக்குப் பின்னால. அங்கயாவது சேருதான்னு பாப்போம்."

பெட்டி காலியானது. தங்கை அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"காத்து வருதா தம்பி?"

சித்தப்பா உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "வரல அண்ணி" என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்.

பசை காய்வதற்காக நிற்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் போய் என் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.