இருவரிடமும் குத்து வாங்கியவர்

குமாரபாளையத்துக் காப்பி கிளப்பில் ஒரு காலத்தில் மழையைப் பற்றிப் பேசியவர்களைவிட பெரைராவையும் கண்ணுசாமியையும் பற்றிப் பேசியவர்களே அதிகம். இருவரும் கனத்த உடம்புக் குத்துச்சண்டைக்காரர்கள். ரயில் இன்ஜினுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த பெரைரா, பேர் வாங்கிய நாளில் யாரிடமும் தோற்றதில்லை என்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கண்ணுசாமி பேர் வாங்கியது அதற்குப் பல வருஷம் கழித்து. அவர் கையுறை மாட்டியபோது பெரைராவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. இருவரும் ஒரே மேடையில் மோதியதே இல்லை. நல்ல வயசில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? மோதாத சண்டை என்பதால் அது முடியவே இல்லை.

இந்த வழக்குக்கு ஊரில் ஒரே நீதிபதி, கைத்தறி நெசவாளர் குழந்தைவேல். மெலிந்த உடம்பு, சற்றே கோணிய தாடை. அந்தப் பதவி அவருக்குக் கிடைத்த காரணம் எளிது. இருவரிடமும் குத்து வாங்கியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

முதல் குத்து திருச்செங்கோட்டில், வைகாசித் தேரின்போது. சர்க்கஸ் கூடாரத்தில் பெரைராவை எதிர்த்துத் தாக்குப்பிடிப்பவருக்கு வெள்ளிப் பதக்கம் என்று தமுக்கடித்தார்கள். குழந்தைவேலுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எதிர்வரிசையில் பாவாயி தன் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பெண் கேட்பது பற்றி இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். குழந்தைவேல் மேடையேறினார். பெரைராவின் இடது கை அசைந்ததை மட்டும் பார்த்தார். கண் திறந்தபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"பையன் தைரியசாலி" என்று சொல்லிப் பாவாயியின் அப்பா சம்மதம் கொடுத்தார்.

இரண்டாவது குத்து மேட்டூரில். அணை வேலை முடிந்து, கூலியாட்கள் ஊர் திரும்பும் முன்பு மைதானத்தில் வேடிக்கைகள் நடந்தன. குழந்தைவேல் அங்கே துண்டு விற்கப் போயிருந்தார். மேடையில் கண்ணுசாமி எதிராளி இல்லாமல் நின்றார். குமாரபாளையத்துக்காரர் ஒருவர் குழந்தைவேலைக் கண்டுகொண்டு, "இவரு பெரைராகிட்டயே நின்னவருங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் அவரைத் தூக்கி மேடையில் விட்டது. கண்ணுசாமியின் வலது கை பட்டதும் அவர் கயிற்றுக்கு வெளியே தன் துண்டு மூட்டையின் மேலேயே போய் விழுந்தார். அன்று மாலைக்குள் துண்டெல்லாம் விற்றுப்போயிற்று. அடி வாங்கியவர் கையால் துண்டு வாங்க அத்தனை பேர் வந்தார்கள்.

அதன் பிறகு காப்பி கிளப்பில் அவருக்குத் தனி நாற்காலி.

"ஏனுங்கண்ணா, ரெண்டுல எது பெருசுங்க?" என்பார்கள்.

"பெரைரா குத்து இடி. கண்ணுசாமி குத்து மின்னலு."

"அப்ப ஜெயிக்கறது?"

"மின்னலு முந்தி வந்துரும். ஆனா இடி..."

அங்கே நிறுத்துவார். யாராவது காப்பி சொல்வார்கள்.

பாவாயிதான் ஒருநாள் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, பெரைரா அடிச்சப்ப உங்களுக்கு எளவயசு. கண்ணுசாமி அடிச்சப்ப ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். அடிச்சவங்கள எடை போடறீங்க சரி. அடி வாங்கின ஆளு மாறிட்டாருங்களே?"

குழந்தைவேல் அந்தக் கேள்வியைக் காப்பி கிளப்புக்குக் கொண்டுபோகவில்லை.

உலக யுத்தம் வந்தது. யுத்த நிதிக்காகச் சேலத்தில் இருவரையும் மோதவிடுவதாக ஒரு கமிட்டி நோட்டீஸ் அடித்தது. டிக்கெட் விற்றுத் தீர்ந்த பிறகுதான் டாக்டர் பார்த்தார். பெரைராவுக்கு முழங்கால் மடங்கவில்லை; கண்ணுசாமிக்கு ஒரு கண் மங்கியிருந்தது. சண்டை கூடாது என்று சொல்லிவிட்டார். கமிட்டிக்காரர் வெங்கடாசலம் நேராகக் குமாரபாளையம் வந்தார்.

"நீங்க மேடையில நின்னாப் போதுமுங்க. ஆளுக்கொரு குத்து. எது பலமின்னு நீங்களே சொல்லிருங்க."

"ஏனுங்க, வேண்டாமுங்க" என்றாள் பாவாயி. ஆனால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நீதிபதி மட்டும் வீட்டில் இருக்க முடியவில்லை.

மேடைக்குப் பின்னால் இரண்டு குத்துச்சண்டைக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தைலத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த இடத்தில் வலி இல்லையோ அங்கே அடிக்கிறேன், சொல்லு" என்றார் பெரைரா, எதிரில் நின்ற குழந்தைவேலிடம்.

"பயப்படாதே நைனா, எனக்கு நீ நிக்கற இடமே சரியாத் தெரியலை" என்றார் கண்ணுசாமி. குழந்தைவேலுக்கு அதற்குப் பிறகுதான் பயம் அதிகமாயிற்று.

பெரைராவின் இடது கை மெதுவாக வந்து தோளில் பட்டது. குழந்தைவேல் லேசாக ஆடிவிட்டு நின்றார். கண்ணுசாமியின் வலது கை மார்பில் பட்டது. ஓரடி பின்வாங்கி நின்றார். இரண்டு கிழவர்களும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப்போல அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்காகவாவது விழுந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. யாருக்காக விழுவது?

கையெடுத்துக் கும்பிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "ரெண்டு பேரும் குத்தி ஆளு உழுவலியே. அப்ப இவருதானே பெரிய ஆளு?" என்று கேட்டார்.

சேலத்திலிருந்து திரும்பும் வண்டிகளிலேயே மூன்றாவது கட்சி பிறந்துவிட்டது. குழந்தைவேல் இளவயசில் கையுறை மாட்டியிருந்தால் இருவரையுமே சாய்த்திருப்பார் என்பது அதன் கொள்கை. இளவயசில் அவர் மேடையேறியதும், அங்கே நடந்ததும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றன. பக்கத்து ஊர் நூல் ஆலை ஒன்று அவர் பேரைக் கேள்விப்பட்டு அவரைக் காவலராக வைத்துக்கொண்டது. மீசையை வளர்த்து முறுக்கிக்கொண்டு, கையில் தடியோடு கேட்டுக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருப்பார். அவர் இருந்த வரைக்கும் ஆலையில் ஒரு கண்டு நூல்கூடக் காணாமல் போகவில்லை. மத்தியானம் பாவாயி சோறு கொண்டுவரும்போது, வாசலில் படுத்திருக்கும் செவலை நாயை அவள்தான் விரட்டுவாள். நாய் தெருமுனை தாண்டிப் போன பிறகு அவர் கேட்டைத் திறப்பார்.