அந்தப் பரங்கிக்காயை வெட்டியவன்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களைச் சொல்வதற்கு முன், அறுபது ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இந்த நினைவு மலரில் உறவினர்களாகிய உங்களிடம் சொல்ல வேண்டும்.

அக்கா பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மையாரிடம் பேஸ்ட்ரி செய்யக் கற்றார். பரங்கிக்காய்த் துருவலை வெல்லம், சுக்கு, பட்டை, கிராம்புடன் சுருளக் கிளறி, நெய் விட்டுப் பிசைந்த மைதாவுக்குள் வைத்து மடிப்பார். மணல் பரப்பிய அண்டாவில் தட்டை இறக்கி, மூடியின் மேலும் தணல் போட்டு வேகவைப்பார். ஐம்பதுகளின் இறுதியில் திருமணமாகி ஸ்ரீரங்கம் சென்றபோது அந்த அண்டாவும் சீர்வரிசையோடு போயிற்று.

புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். முழுப் பரங்கிக்காயை ஆண் ஒருவர் பிளந்து கொடுத்த பிறகே பெண்கள் நறுக்கலாம்; பெண் பிளந்தால் புருஷனுக்கு ஆகாதாம்.

ஓர் ஐப்பசியில், கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் மலைக்கோட்டையில் தம் ஜவுளிக்கடையில் இருந்தார். மாமியார் சமயபுரம் போயிருந்தார்.

"காலேஜ் இல்லையாடா?"

"லீவு."

"உன் மூஞ்சியே சொல்லுது லீவுன்னு. சரி, அத்தான் காயை வெட்டித் தர மறந்துட்டாங்க. இந்தா, கத்தியைப் பிடி."

"அப்பாகிட்ட சொல்லிடாதேக்கா. தோலை உரிச்சிடுவாரு."

"நீ வந்ததையே சொல்ல மாட்டேன். முதல்ல வெட்டு."

வெட்டினேன். சூடாக நான்கு பேஸ்ட்ரி தின்றேன்.

மூன்றாம் நாள் அத்தான் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். துக்க வீட்டில், மீதமிருந்த பாதிப் பரங்கிக்காயை மாமியார் கூடத்துக்கு எடுத்து வந்தார்.

"வெட்டித் தர மறந்துட்டேன்னு எம்புள்ள எங்கிட்ட சொன்னானே. இதை வெட்டினது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் அத்தை."

"பரங்கிக்காயோட புருஷனையும் சேர்த்து வெட்டிட்டியேடி!"

யார் வெட்டியிருந்தாலும் அத்தானின் நெஞ்சு நின்றிருக்கும். அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் அந்தப் பேச்சு அக்காவை விடவில்லை. கைக்குழந்தையோடு பொன்மலைக்குத் திரும்பினார். ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலை பார்த்து, மகளை ஆளாக்கினார். கல்யாண வீடுகளில் காய் நறுக்கக்கூட அவரை விடவில்லை. உங்களில் சிலர் பந்தியில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அப்பா காலமான பிறகும் வாய் திறக்கவில்லை. அதற்குள் எனக்கு மனைவி, பிள்ளைகள், ஊரில் மரியாதை எல்லாம் வந்துவிட்டன.

ஒவ்வோர் ஐப்பசியிலும் அக்கா ஒரு முழுப் பரங்கிக்காயை என் முன் வைப்பார். "வெட்டிக் குடு தம்பி" என்பார். நான் வெட்டிக் கொடுப்பேன்.

இப்போதும் சில பிற்பகல்களில் கிராம்பும் வெந்த பரங்கியும் கலந்த வாசனை என் அறைக்குள் வருகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது.

கடைசி நாள்களில் கட்டிலருகே உட்கார்ந்து, "அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன்னுதானேடா சொன்னேன்" என்றார் அக்கா. "உன்னைச் சொல்லாதேன்னு சொல்லலையே."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இறுதிவரை பேணிய அக்கா மகளுக்கும் மருமகனுக்கும் நன்றி. யார் வெட்டியது என்று ஒருநாளும் கேட்காமல் அக்கா செய்ததை வாங்கிச் சாப்பிட்ட அந்தப் பக்கத்து வீட்டு அம்மையாரின் குடும்பத்தாருக்கும் நன்றி.

நினைவு நாளன்று உங்கள் இலையில் பரங்கிக்காய் பேஸ்ட்ரி இருக்கும். முழுக் காயை அக்கா மகளே வெட்டுவாள். நான்தான் அவளிடம் அப்படிக் கேட்டுக்கொண்டேன். அன்று ஸ்ரீரங்கத்தில் வெட்டியவன் நான். இந்த மலரைப் படிக்காதவர்கள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.